அத்தான் காட்டிய பிற்றொரெஸ்க்

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, டோர்செட் பார்க் தொடர்மாடியின் வாசலில் அத்தான் காரை ஸ்டார்ட் செய்துகொண்டு நின்றபோதே எனக்கு விளங்கிவிட்டது. இன்றும் அக்காவோடு இருந்து கதைத்த மாதிரித்தான்.

டோர்ட்முண்டிலிருந்து நான் ரொறன்ரோ பார்க்க வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் கடைசி நாட்களில் பக்கத்தில் இருந்தவள் நான். அக்காவுக்கு வர முடியவில்லை. அந்த நாட்களை அக்காவுக்கு நேரில் சொல்ல வேண்டும், அதற்குத்தான் வந்தேன். அக்காவுக்கோ முதியோர் இல்லத்தில் வேலை, ஞாயிறு மட்டும் ஓய்வு. போன ஞாயிறை நயாகரா விழுங்கிவிட்டது. போக நூற்று முப்பது கிலோமீற்றர், திரும்பி வர நூற்று முப்பது. இது கடைசி ஞாயிறு. இரவு எனக்கு விமானம்.

ஐரோப்பாவிலிருந்து வருகிற சொந்தக்காரருக்கெல்லாம் இடம் காட்டுவது அத்தான்தான். ஜேர்மனிச் சித்தப்பா, ஹொலண்ட் மாமி, டென்மார்க் மருமக்கள் என்று வந்த எல்லோரும் ரொறன்ரோவின் ஏரியைக் கண்டதும் ஒரே சொல்லைச் சொல்லியிருக்கிறார்கள்: பிற்றொரெஸ்க். வரைந்து வைத்த படம் போல அழகான இடத்துக்கு, அந்த நாட்டு மொழிகள் எல்லாம் பிரெஞ்சுக்காரரிடம் இரவல் வாங்கி வைத்திருக்கிற சொல். அத்தானுக்கு அந்த மொழிகளில் தெரிந்த ஒரே சொல்லும் அதுதான். விருந்தாளி அதைச் சொல்லும் வரை காரை வீட்டுப் பக்கம் திருப்ப மாட்டார் என்று அக்கா முதலே எச்சரித்திருந்தார்.

இடம் வடிவாகத் தெரிய வேண்டும் என்று விருந்தாளியை எப்போதும் முன் சீற்றில்தான் ஏற்றுவார். அக்கா பின்னால், புட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி, ஏறியதும் நித்திரையாகிவிட்டார்; கார் நிற்கிற இடத்தில் மட்டும் கண்விழித்து வெளியே பார்ப்பார்.

பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர் ஓடி ஸ்காபறோ புளஃப்ஸுக்கு வந்தோம். ஏரிக்கரையில் வெண்மண் மலை செங்குத்தாக நிற்கிறது. அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை. சீற் பெல்ற்றைக் கழற்றாமலே “பிற்றொரெஸ்க்” என்றேன். வீட்டுக்குப் போய்விடலாம் என்று ஒரு நப்பாசை. அத்தானுக்கு முகமெல்லாம் பல். இவ்வளவு ரசிக்கிற ஆளுக்கு றூஜ் ஆறு ஏரியில் விழுகிற இடத்தைக் காட்டாமல் விடலாமா என்று காரை அங்கே விட்டார். றூஜில் நான் வாயே திறக்கவில்லை.

“உது உமக்குப் பிடிக்கேல்லைப் போல. இதைவிட நல்ல இடம் இருக்கு,” என்றார்.

சொன்னாலும் கார் ஓடுகிறது, சொல்லாவிட்டாலும் ஓடுகிறது. இந்த மனிதரை என்னதான் செய்வது? அஜின்கோர்ட்டில் நிறுத்தி, தமிழ்க் கடையில் ஒன்று இரண்டு டொலர் என்று பொரித்த ரோல்ஸ் வாங்கித் தந்தார். ஆத்திரத்தில் எனக்கு அதன் உறைப்புக்கூடத் தெரியவில்லை.

மூன்று மணிக்கு மில்லிக்கன் பூங்கா. ஒரு குளம், சில வாத்துகள். அத்தான் கோப்பி வாங்கப் போனதும் அக்கா கண்விழித்தார். நான் பொரிந்து தள்ளிவிட்டேன்.

“வீட்டை போவமக்கா. நான் குளம் பாக்க வரேல்லை. உங்களோடை இருக்க வந்தனான்.”

அக்கா கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு வேலையும் வீடும்தானடி. ஆரும் வந்தாத்தான் அத்தான் இந்தப் பக்கம் காரை விடுவார். நீ போனா நான் இனி எப்ப தண்ணியைப் பாக்கிறது?”

டோர்ட்முண்டிலிருந்து ரைன் நதிக்கு ஒரு மணி நேர ஓட்டம். கனடாவிலிருந்து யாராவது வந்தால்தான் நானும் அதைப் பார்க்கிறேன்.

“அம்மா என்னைக் கேட்டவவோ?” என்றார் அக்கா, குளத்தைப் பார்த்தபடியே.

ஒவ்வொரு நாளும் கேட்டா என்று சொல்லத் தொடங்கினேன். பாதி சொல்வதற்குள் அத்தான் மூன்று கோப்பியோடு வந்து நின்றார்.

“என்ன மாதிரி, பிற்றொரெஸ்க்கோ?”

“ஓம் அத்தான், நல்ல பிற்றொரெஸ்க். இன்னும் தூரத்திலை ஒரு இடம் இருந்தாக் காட்டுங்கோ,” என்று சொல்லிவிட்டு, முன் சீற்றிலிருந்து இறங்கிப் பின்னால் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறிக்கொண்டேன்.