ஆலோசனை அறையில் மொழிபெயர்த்தவர்

மகள் தன் உயிரை மாய்த்துக்கொண்ட மூன்றாம் மாதம், மனநல ஆலோசனைக்காகத் தெல்தோட்டையிலிருந்து கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். "மனசுல இருக்கிறத எல்லாம் சொல்லலாம், அவசரப்படுத்த மாட்டாங்க" என்று தேயிலைத் தோட்டத்து நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஆலோசகருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க ஒரு சிற்றூழியரைக் கூப்பிட்டார்கள். காக்கிச் சட்டையும் நரைத்த மீசையுமாக இருந்தார். பேசும்போது யாருடைய முகத்தையும் பார்க்காமல் தன் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைமணி நேரம் அழுதுகொண்டே பேசினேன். அன்று காலை மகளை நான் திட்டியதைக்கூடச் சொன்னேன். அவர் சிங்களத்தில் ஒரே ஒரு வரி சொன்னார். எனக்கு நித்திரை வருவதில்லையாம். அவ்வளவு சிங்களம் எனக்கும் விளங்கும். ஆலோசகர் தலையாட்டிவிட்டு, தூக்க மாத்திரைக்காக டாக்டரிடம் போகும்படி துண்டுச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மொழிபெயர்த்தவரை நிறுத்தினேன். "ஏண்ணே, என் புள்ள செத்தத நீங்க சொல்லவே இல்லையே?"

"என் மகளும் அப்படித்தாம்மா போனா. அதச் சொல்ல எனக்கு வாய் வரல."

அடுத்தவரின் பெயரைக் கூப்பிட்டபடி உள்ளே போய்விட்டார்.

நான் மறுபடி அங்கே போகவில்லை. அவர்மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அத்தனை பேருடைய துக்கத்தைக் கேட்டு நின்ற அவரிடம், "உங்களுக்கு என்ன?" என்று அந்த அறையில் யாராவது ஒருநாள் கேட்டிருப்பார்களா என்ற நினைப்பும் போகவில்லை.