நான் முறுக்கிய நாலாவது கம்பி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். ஆம்பிளிஃபயர் பெட்டியையும் சேர்த்தால் ஆறு. ஐந்து பிள்ளைகளும் ஒரு வயதானதும் நடந்தார்கள். அந்தப் பெட்டியைத்தான் கடைசிவரை தூக்கிக்கொண்டே அலைந்தோம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெட்ராஸில் கிட்டார் வாசித்த கதையை எல்லோரிடமும் சொல்லுகிறார். பாதியைத்தான் சொல்லுகிறார். மீதிப் பாதி என்னுடையது.

எழுபதுகளின் தொடக்கம் அது. அவர் பகலில் பட்டு நெய்வார். முகூர்த்தக் காலம் வந்தால் கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் கிட்டார் வாசிப்பார். காஞ்சிபுரத்தில் நாதஸ்வரக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. பேஸ் கிட்டார் என்றால் எங்கள் வீடு ஒன்றுதான். மற்ற கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நாலுதான். அதை வாங்கி வந்த அன்றே மாமனார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இன்னாடா, ரெண்டு கம்பிய கடக்காரனே எடுத்து வச்சிக்கினானா?"

பெட்டியைச் செய்துகொடுத்தவர் பஸ் ஸ்டாண்டு அருகே இருந்த ரேடியோ ரிப்பேர்காரர். மூடிப்போன டூரிங் டாக்கீஸின் ஸ்பீக்கர் ஒன்றைத் தேடிப் பிடித்து உள்ளே வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டால் வால்வு சூடாக நேரம் பிடிக்கும். அதற்குள் நான் காபியே போட்டுவிடுவேன். அவர் நாலாவது கம்பியைத் தட்டினால் அலமாரியில் எவர்சில்வர் டம்ளர்கள் தாமாகவே நகரும். நாலிலும் அதுதான் தடித்தது. எனக்கு அந்தக் கம்பிதான் பிடிக்கும். காதுக்கு வருமுன் வயிற்றுக்கு வரும்.

ஒரு கல்யாணத்தில் அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு மெட்ராஸிலிருந்து மூன்று பேர் வீடு தேடி வந்தார்கள். காலேஜில் படிக்கிறவர்கள். மூன்று பேருக்கும் என்னைவிட நீளமான தலைமுடி. அவர்கள் வாசித்தது இங்கிலீஷ் சங்கீதம், புரோக்ரசிவ் ராக் என்று பெயர். ஒரு பாட்டு இருபது நிமிஷம் போகும். அதில் பாடுகிற பாகம் இரண்டு நிமிஷம் இருந்தால் அதிகம். அவர்களுடைய பேஸ்காரர் படிக்க வெளிநாடு போய்விட்டாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் காலேஜ் விழாவில் இவர் ஒரு தடவை வாசிக்கட்டும், சரியாக வந்தால் குழுவில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள்.

மாமனார் இதைக் கேட்டுவிட்டு ஒரே முடிவாகச் சொன்னார்.

"அந்த நாயித்துக்கெழம வரைக்கும்தான் பாப்பேன். எடுத்துக்கினாங்கன்னா போய் வாசி. எடுத்துக்கலன்னா கிட்டாரு, பொட்டி ரெண்டையும் வித்துட்டு ஒழுங்கா தறியில குந்து."

இவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் அப்பா பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

விழாவுக்காக அவர்கள் பாடிக் காட்டிவிட்டுப் போன பாட்டில் ஒரு கஷ்டம் இருந்தது. எல்லாப் பாட்டும் நாலு நாலாகப் போனால் இது ஏழு ஏழாகப் போகும். முதலில் மூன்று, அப்புறம் நாலு. எங்கே முதல் எண் விழுகிறது என்று மற்றவர்களுக்கு அடையாளம் காட்டுவது பேஸ் வேலை. முதல் எண்ணில் அந்த நாலாவது கம்பி இடிக்க வேண்டும்.

அவர் தறியிலேயே பழகினார். கோர்வைச் சேலை நெய்ய ஒரு தறியில் இரண்டு பேர் வேண்டும். நடு உடலுக்கு அவர் குறுக்கிழை ஓட்டும் நாடாவை விடுவார், ஓரத்துக் கரைக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு நாடா விடுவேன். மூன்று மிதி, ஒரு மூச்சு, நாலு மிதி என்று அவர் கால் போகும். என் கையும் அதோடு போகும். சேலைக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. தறிச் சத்தம் மட்டும் நொண்டியது. எதிர்வீட்டுக்காரர் வந்து, "இன்னாபா, மிதிபலக ஒடஞ்சிச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு நாள் இருக்கும்போது நாலாவது கம்பி, அதை முறுக்கும் சாவியண்டை அறுந்தது. அந்தத் தடிமனில் கம்பி மெட்ராஸ் கடைகளில் இல்லை. சிங்கப்பூரிலிருந்து யாராவது கொண்டுவந்தால்தான் உண்டு. இவர் அறுந்த கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஒரு இழை, அதன்மேல் மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜரிகையும் இதே அமைப்புதான். நடுவில் பட்டு, மேலே வெள்ளி.

"இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்கீங்க? நான் முறுக்கித் தரேன்."

"ஏமே, இது சேல இல்ல."

"இழ இழதானே? நகருங்க."

பட்டிழைகளைக் கைநிறைய எடுத்து ஒன்றாக முறுக்கினேன். மெழுகு போட்டு இழுத்தேன். மேலே நல்ல வெள்ளி ஜரிகையை இடைவெளி தெரியாமல் சுற்றினேன். ஒரு முழு நாள் ஆனது. கல்யாணப் பெண் கழுத்தில் போடலாம், அப்படி மின்னியது. அவர் கிட்டாரில் பூட்டி, கட்டையில் காதை வைத்துத் தட்டிப் பார்த்தார். "தும்" என்றது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தட்டினார். பெட்டி அப்போது வால்வு மாற்ற ரிப்பேர்காரரிடம் இருந்தது. புறப்படும் அன்று காலையில்தான் கைக்கு வந்தது. அதனால் பெட்டியில் போட்டுக் கேட்கவில்லை. எங்களுக்குத் தோன்றவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கிட்டாருக்கும் பெட்டிக்கும் லக்கேஜ் சீட்டு வாங்கிக்கொண்டு மெட்ராஸ் போனோம். என் கம்பியின் சத்தத்தைக் கேட்க நானும் போனேன். காலேஜ் ஹாலில் பேச்சுப் போட்டி முடிய நேரமாகிவிட்டது. முன்கூட்டி வாசித்துப் பார்க்க வழியில்லை. மேடை ஏறினார்கள், ஆரம்பித்துவிட்டார்கள். தறியில் உட்காருமுன் செருப்பைக் கழற்றுகிறவர் இவர். மேடையிலும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டார். நான் முன்வரிசையில் இருந்தேன்.

முதல் எண். அவர் விரல் நாலாவது கம்பியை இழுத்தது. ஒன்றும் வரவில்லை. மற்ற மூன்று கம்பிகளும் பேசின. திரும்ப முதல் எண். ஊமை. டிரம்ஸ்காரர் தலையைத் திருப்பினார். ஆர்மோனியப் பெட்டி மாதிரி ஒன்றை வாசித்த குழுத் தலைவருக்குக் கை தடுமாறியது. எது முதல், எது கடைசி என்று ஒருவருக்கும் பிடி கிடைக்கவில்லை.

இவர் என்னைப் பார்த்தார். தறியில் இழை அறுந்தால் பார்க்கிற அதே பார்வை. அங்கே என்றால் "நில்லுங்க" என்று சொல்லி இழையை முடிந்துவிடுவேன். இங்கே இருநூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. சேலையைக் கொஞ்சம் தூக்கி, முதல் எண் வருகிற இடத்தில் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினேன். பக்கத்தில் இருந்த பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. அடுத்த முதல் எண்ணில் வெறுங்குதிகாலால் மேடைப் பலகையை இடித்தார். எத்தனை வருஷம் தறி மிதித்த கால்! புல்லாங்குழல்காரர் கீழே உட்கார்ந்து வாசித்ததால் அவருடைய மைக் பலகையை ஒட்டி இருந்தது. ஹால் முழுக்க "தொம்" என்றது. மூன்று, நாலு. தொம். மூன்று, நாலு. தொம். டிரம்ஸ்காரர் சிரித்துக்கொண்டே அதைப் பிடித்துக்கொண்டார். பாதிப் பாட்டில் பின்வரிசைப் பையன்களும் மிதிக்க ஆரம்பித்தார்கள். இருபது நிமிஷமும் கால் நிற்கவில்லை.

முடிந்ததும் தலைவர் நேராக இவரிடம் வந்தார்.

"மாஸ்டர், லோ ஸ்ட்ரிங்குக்கு என்ன ஆச்சு?"

இவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன். "நான்தான் தம்பி முறுக்கினேன். உள்ள பட்டு, மேல வெள்ளி. கடைக் கம்பியவிட ஒசத்தி."

தலைவர் கம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கம்பியைப் பார்த்தார். "அக்கா, கிட்டாருக்குள்ள காந்தம் இருக்கு. இரும்பு ஆடினாத்தான் அதுக்குத் தெரியும். வெள்ளி எவ்வளவு ஆடினாலும் தெரியாது."

"இரும்ப மதிக்கும், வெள்ளிய மதிக்காதா? இன்னா காந்தம்பா அது!"

எல்லோரும் சிரித்தார்கள். இவர் மட்டும் சிரிக்கவில்லை. அப்பா சொன்னது அவர் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

டிரம்ஸ்காரர்தான் பேசினார். "இந்தப் பாட்டை எத்தனையோ தடவை வாசிச்சிருக்கோம். ஒரு தடவைகூட ஏழு கடைசிவரைக்கும் நின்னதில்லை. இன்னைக்கு ஒரு கம்பி இல்லாமலே நின்னுச்சு."

தலைவர் இவர் பக்கம் திரும்பினார். "எங்க மாமா சிங்கப்பூர்ல இருக்கார், கம்பிக்கு எழுதறேன். அடுத்த ஞாயிறு மூணு மணிக்கு பிராக்டிஸ் மாஸ்டர். செருப்பில்லாம வாங்க."

நாங்கள் வீடு திரும்பியபோது மாமனார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"எடுத்துக்கினாங்களா?"

"எடுத்துக்கினாங்க மாமா," என்றேன். நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் மகனுடைய காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கால்ல வாசிச்சதுக்குத்தானே எடுத்துக்கினாங்க? அப்ப அந்த கிட்டார வித்துடலாமே."

சொல்லிவிட்டு அவரே பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்து உள்ளே தூக்கி வைத்தார். விற்கிற பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவே இல்லை. அந்தப் பையன்களுக்கு வேலை கிடைத்து ஆளுக்கு ஒரு ஊராகப் போகிறவரை, நாலு வருஷம், ஞாயிறு தவறாமல் இவர் மெட்ராஸ் போனார்.

இன்றைக்கும் யாராவது கேட்டால், "சட்டுனு எனக்குத் தோணிச்சி, கால இடிச்சேன்," என்கிறார். கம்பியை மட்டும் என் தலையில் போடுகிறார்.

அம்மாடி பேத்தி, எழுதி முடிச்சிட்டேன். நீ இத்த ஒருதரம் படிச்சிக் காட்டு. தாத்தா சாப்பிட்டுட்டு வந்து குந்தட்டும், அப்புறம் ஆரம்பி. நான் கால மிதிச்சிக் காட்டின எடம் வந்தா நல்லா சத்தமா படி.