ஒரு வார்த்தைகூடப் பேசாத மதினி

எண்பத்தெட்டாம் வருடம், ஆடி மாதம். அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல்மில் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். எனக்கு முப்பத்திநாலு வயது. பகலெல்லாம் அடுத்தவர் சொல்லும் கடிதங்களை அடிப்பேன். வீட்டுக்கு வந்து குளித்து, காபி குடித்துவிட்டு என் சொந்தக் கதைகளை எழுத உட்காருவேன். தலைமுடியில் ஒட்டிய பஞ்சு குளித்த பிறகும் எங்கேயோ கொஞ்சம் மிச்சமிருக்கும். எழுதும்போது அது மெல்லப் பறந்து தாளில் வந்து விழும். அதை ஊதிவிட்டுக்கொண்டே எழுதுவேன். அந்த நேரத்தில் நான் எந்த ஊரில், எந்த வருடத்தில் இருக்கிறேன் என்பதுகூட மறந்துபோகும்.

இப்படிப் பத்துக் கதைகள் சேர்ந்தன. பதிப்பகங்களுக்கு அனுப்பினேன்; போன வேகத்திலேயே திரும்பி வந்தன. நாமே புத்தகமாகப் போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு சின்ன அச்சகம் இருந்தது. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கிறவர்கள். புத்தகம் என்றதும் அவர்களுக்கே ஒரு சந்தோஷம். அங்கே எழுத்துக் கோத்தவர் ஒரு பெண். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாராம், வேலை செய்யும்போதும் முணுமுணுப்பாகப் பாடிக்கொண்டே இருப்பார். என் கையெழுத்துப் பிரதியை எதிரே நிறுத்தி வைத்து, ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்குவார்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பிரதியை நாலு முறை திருத்தியிருந்தேன். "போனாள்" என்று இருந்ததை "சென்றாள்" ஆக்கி, மறுபடியும் "போனாள்" ஆக்கியிருந்தேன். இதற்குமேல் திருத்த ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் கதை எங்கள் வீட்டுக் கதை. எனக்குப் பதின்மூன்று வயதாகும்போது என் அண்ணன் மஞ்சள்காமாலையில் இறந்துபோனான். கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. மதினிக்கு இருபத்தொரு வயது. எனக்குத் தலை பின்னிவிட்டது, பாவாடை தைத்துக் கொடுத்தது, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது எல்லாம் அவள்தான். அண்ணன் போன ஆறாவது மாதம், ஒரு காலையில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு தன் அப்பாவோடு போய்விட்டாள். அடுத்த வருடமே மகாராஜபுரத்தில் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் தெருவில் அதுவரை அப்படி நடந்ததில்லை. "அவளாத்தான் போனா" என்று அம்மா எல்லாரிடமும் சொன்னாள். நான் அவளை அன்றைக்கு வெறுக்க ஆரம்பித்தேன். இருபத்தொரு வருடம் அந்த வெறுப்பு ஆறவே இல்லை. கதையின் கடைசி வரி இப்படி முடியும்: "வண்டியில் ஏறியவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை." அந்த வரியைப் பற்றி எனக்குக் கர்வம் உண்டு. புத்தகத்தையே அம்மாவுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருந்தேன். அம்மா இறந்து அப்போது மூன்று வருடம்.

அந்தக் கதைக்குத் திருத்தம் பார்க்கும் புரூப் வாங்கப் போன சனிக்கிழமை, மலையிலிருந்து சாரல் இறங்கி கோபுரத்தை மறைத்திருந்தது. எழுத்துக் கோக்கிற பெண் தாள்களை என்னிடம் நீட்டிவிட்டு, கையை எடுக்காமல் கொஞ்சம் தயங்கினார்.

"அக்கா, தப்பா நெனைக்காதீக. மத்த கதைக்கெல்லாம் மேற்கோள் குறி பத்தாம அல்லாடுனேன். இதுல அம்புட்டும் மிச்சம். அம்மா பேசுதாக, பக்கத்து வீட்டுக்காரி பேசுதா, வண்டிக்காரன்கூடப் பேசுதான். அந்த மதினி மட்டும் ஒரு வார்த்தை பேசலியே. அவிய ஊமையா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கதைக்கு அது தேவையில்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, மை உலராத அந்தத் தாள்களைப் புரட்டினேன். அவர் சொன்னது உண்மைதான். பன்னிரண்டு பக்கம். மதினி நடக்கிறாள், தைக்கிறாள், வண்டியில் ஏறுகிறாள். வாயைத் திறக்கவே இல்லை.

அதற்கென்ன, இரண்டு வரி சேர்த்துவிட்டால் போச்சு என்று மறுநாள் உட்கார்ந்தேன். "என்னை மன்னிச்சிருங்க அத்தை" என்று எழுதினேன். சினிமா வசனம் மாதிரி இருந்தது, அடித்தேன். வேறு எழுதினேன், அதையும் அடித்தேன். பகல் முழுக்க இப்படிப் போனது. அவள் எப்படிப் பேசுவாள் என்று கண்ணை மூடி யோசித்தேன். அவள் விரல்கள் ஞாபகம் வந்தன, தேங்காயெண்ணெய் வாசம் வந்தது. குரல் மட்டும் வரவில்லை. கனவில் வருகிறவர்கள் உதடு அசைப்பார்களே, சத்தம் கேட்காதே, அந்த மாதிரி. என்னோடு இரண்டு வருடம் பேசிய ஒருத்தியின் குரல் என்னிடம் துளிகூட இல்லை என்பது எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அந்தப் புரூப் தாள்களை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு மகாராஜபுரத்துக்குப் போனேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவில்லை. குரலைக் கேட்டுவிட்டு வந்துவிடலாம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வத்திராயிருப்பு தாண்டியதும் மலை பக்கத்திலேயே வந்துவிட்டது. தென்னந்தோப்புகளுக்கு நடுவில் பஸ் மிதக்கிற மாதிரி போனது. கடையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள்.

மதினி முற்றத்தில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. நிமிர்ந்து என்னைச் செத்த நேரம் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை. "கண்ணாடி எப்பப் போட்ட?" என்றாள்.

அந்தக் குரலைக் கேட்டதும் அவள் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் கரகரத்த, தணிந்த குரல். இதையா மறந்துபோனேன்!

காபி கொடுத்தாள். வீட்டுக்காரர் வயலுக்குப் போயிருப்பதாகவும், மூத்தவன் மதுரையில் படிப்பதாகவும் சொன்னாள். நான் வந்த விஷயத்தைச் சொல்லத் தெரியாமல் தாள்களை எடுத்து நீட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து நிதானமாகப் படித்தாள். தோப்பில் காற்று வந்து வந்து போனது. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மேகம் மலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கும் வரைக்கும் படித்தாள்.

கடைசித் தாளில் அவள் விரல் ஒரு வரியில் நின்றது. எந்த வரி என்று எனக்குத் தெரியும்.

"திரும்பாதன்னு சொன்னதே அத்தைதான்" என்றாள்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அவள் அப்பாவுக்கு ஆள் அனுப்பி வரவழைத்ததே என் அம்மாதானாம். இவளை இங்கே வைத்து நான் என்ன செய்ய, வேறு இடத்தில் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். மருமகளை மாமியாரே அனுப்பினாள் என்று தெரிந்தால் சொந்தக்காரர்கள் தடுத்துவிடுவார்கள், அதனால் அவளாகப் போனதாகத்தான் ஊரில் சொல்லிக்கொள்வேன், நீ அதற்கு மறுப்புப் பேசக் கூடாது என்று மதினியிடம் கையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம்.

"அத்தை சொன்னாக: 'வண்டி தெருமுனை தாண்டுத வரைக்கும் திரும்பாத. நீ திரும்புனா அந்தப் புள்ள ஓடியாந்து வண்டியப் புடிச்சுக்கிடும். பொறவு நீயும் போமாட்ட, நானும் விடமாட்டேன்.'"

அந்தப் புள்ள நான்தான். இத்தனை வருடத்தில் இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீ கேக்கலியே ஏட்டி" என்றாள். அதில் கோபம் இல்லை. உள்ளதைச் சொன்னாள்.

இந்தக் கதையைப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுகிறேன் என்றேன். தாள்களை அடுக்கி என்னிடம் நீட்டினாள். "எடுக்காத. அத்தையும் போய்ச் சேந்துட்டாக. இனி ஊரு யாரத் தடுக்கப் போவுது? நடந்தத எழுது. ஆனா நான் அழுதுக்கிட்டே போனேன்னு மட்டும் எழுதிராத. அழல. எனக்குப் போணும்னுதான் இருந்துச்சு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதது நான்தான். மதினிக்காக மட்டும் இல்லை. அவளை நான் திட்டும்போதெல்லாம் அம்மா பேசாமல் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். துக்கத்தில் போகிறாள் என்று நினைத்திருந்தேன். என்னிடமாவது பின்னால் சொல்லியிருக்கலாமே என்று அம்மாமேல் எனக்கு வருத்தம் உண்டு. அது இன்னும் முழுசாகத் தீரவில்லை.

அச்சகத்துக்குப் போய், அந்தக் கதையை முழுக்கப் பிரித்துவிடுங்கள், புதிதாக எழுதித் தருகிறேன் என்றேன். மூன்று நாள் உட்கார்ந்து கோத்த வேலை. முகம் சுளிப்பார் என்று பார்த்தேன். அந்தப் பெண், "பேசுனாகளா?" என்று மட்டும் கேட்டார். பேசினார்கள் என்றேன். தலையாட்டிவிட்டு, எழுத்துகளை ஒவ்வொன்றாக அதனதன் அறையில் திரும்பப் போட ஆரம்பித்தார். வெடுக்கென்று பேசியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

புதிய கதையை ஒரே வாரத்தில் எழுதினேன். அம்மா அதில் முன்பைவிடப் பெரியவளாக வந்தாள். பொய் சொல்கிறவளாகவும் வந்தாள். மதினி அதிகம் பேசவில்லை, அவள் என்னிடம் சொன்ன அளவுக்குத்தான் பேசினாள். அலங்காரம் எதையும் சேர்க்கவில்லை. புத்தகம் ஐப்பசியில் வந்தது. முதல் பிரதியை மகாராஜபுரத்துக்கு நானே கொண்டுபோனேன். மதினி அதைத் திறக்காமல் முதலில் முகர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அங்கேயே தங்கிவிட்டேன்.

பிறகு எத்தனையோ எழுதிவிட்டேன், எத்தனையோ திருத்திவிட்டேன். இப்போதும் யாராவது என்னிடம் வந்து இன்னொருவரைப் பற்றிக் குறையாகச் சொல்லத் தொடங்கினால், கேட்டுக்கொண்டிருக்கும்போதே என் மனசு பாதியில் எழுந்து, அந்த இன்னொருவரின் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறது.