உப்புப் பாராமல் சமைத்தவர்

நினைவு மலரில் எழுதுகிறவர் முதலில் பிறந்த ஊரைப் புகழவேண்டும் என்பது நடைமுறை. எங்கள் அண்ணை பிறந்தது வேலணையில். அந்த ஊருக்கு என் புகழ்ச்சி தேவையில்லை, அண்ணைக்கு அது பிடிக்கவும் மாட்டாது. "அலட்டாமல் விஷயத்தைச் சொல்லு தம்பி" என்பதுதான் அவர் என்னிடம் அடிக்கடி சொன்ன வார்த்தை. ஆகவே விஷயத்துக்கே வருகிறேன். அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையில் உங்கள் கைக்கு வரும் இந்த மலரில் அவருடைய தம்பியாகிய நான் பெருமையோடு எழுதவேண்டும். வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஐயா காலமானபோது அண்ணைக்கு மீசைகூட அரும்பவில்லை. பள்ளிக்கூடப் புத்தகங்களை அக்காவிடம் கொடுத்துவிட்டு, தெற்கே ஒரு பட்டினத்தில் ஊரவர் ஒருவர் நடத்திய பேக்கரிக்கு மாக் குழைக்கப் போனார். பாண் போடும் வேலையையும் சிங்களத்தையும் அங்கேதான் படித்தார். கலவரத்தில் அந்தக் கடை எரிந்தது. உடுத்த சாரத்தோடு ஊரில் வந்து இறங்கினார். மண்கும்பானில் அண்ணியைக் கைப்பிடித்து, அண்ணியின் சீதன வளவின் பின்பக்கத்தில் தன் கையாலேயே செங்கல் அடுப்பாக ஒரு போறணை கட்டிப் பாண் சுடத் தொடங்கினார். அந்தப் பாணில்தான் நான் படித்தேன். அக்காவின் கலியாணமும் அந்தப் பாணில்தான் நடந்தது.

பிறகு யுத்தத்தில் எங்கள் தீவை விட்டு எல்லோரும் வெளியேறவேண்டி வந்தது. திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. போறணை மட்டும் இடியாமல் நின்றது, அதற்குள் ஒரு பாம்பு குடியிருந்தது. அடித்துவிடுவோம் என்று நான் தடி தேடினேன். அண்ணை விடவில்லை. "நயினாதீவு அம்மாளின்ரை ஆள். தானாப் போகும்" என்றார். அது தானாகப் போகும்வரை அந்த மனிதர் வாசலில் சாக்கு விரித்துப் படுத்தார், தொழில் தொடங்கவில்லை. எனக்கு அப்போது ஆத்திரம்தான் வந்தது.

அண்ணைக்கும் அண்ணிக்கும் பிள்ளைகள் இல்லை. நாங்கள்தான் பிள்ளைகள். நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் எங்கள் வீடுகளில் சைவம். திருவிழா முடிந்து மீன், இறைச்சி என்று மச்சம் தொடங்கும்போது முதற் சாப்பாடு அண்ணை வீட்டில்தான். கனடாவிலிருந்து வந்திருந்தால் அக்கா, யாழ்ப்பாணத்திலிருந்து நானும் பிள்ளைகளும் என்று எல்லோரும் அங்கே கூடிவிடுவோம்.

அன்றைய சமையல் போறணை மீன். பாண் வெளியே வந்தபின் நெருப்பை ஒதுக்கிவிட்டு, வாயிலில் கையை நீட்டிச் சூடு பார்ப்பார். தட்டில் வாழையிலை விரித்து, வேகச் சுணங்கும் உருளைக்கிழங்கையும் கரட்டையும் அடியில் அடுக்குவார். அதன்மேல் வெங்காயம், போஞ்சி, தக்காளி. எல்லாவற்றுக்கும் மேலே, கீறி மஞ்சளும் மிளகும் உள்ளியும் தேசிக்காய்ப் புளியும் பூசிய முழு விளைமீன். "மீன்ரை சாறு கீழை இறங்கோணும், அப்பதான் கிழங்குக்கும் மரியாதை" என்பார். இரும்புக் கதவைச் சாத்திவிட்டால் பிறகு ஒருவரும் திறக்கக்கூடாது. நாங்கள் சாப்பிட்டு முடியும்வரை அண்ணையே பரிமாறுவார். பரிமாறுகிறவர் கடைசியில்தானே சாப்பிடுவார். அவர் சாப்பிடும் நேரத்தில் நாங்கள் வேப்பமர நிழலில் பாயைப் போட்டுப் படுத்துவிடுவோம்.

எனக்கு இருதயத்தில் சத்திரசிகிச்சை நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பிழைத்து வந்தபின் வந்த முதல் திருவிழாச் சாப்பாட்டில் அண்ணையின் மீன் உப்புக் கரித்தது. "அண்ணை, மண்கும்பான் கடலை அப்பிடியே தட்டுக்குள்ளை ஊத்திப்போட்டியளோ?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், அண்ணையும் சிரித்தார். அடுத்த முறை உப்பே இல்லை. அதற்குப் பிறகு ஒருமுறைகூட உப்பு ஒழுங்காக அமையவில்லை. முன்பெல்லாம் அப்படியில்லை, கைப்பக்குவம் என்றால் அதுதான் கைப்பக்குவம். அண்ணைக்கு வயதாகிறது என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். போன திருவிழாவிலும் எல்லோருக்கும் முன்னால் சொன்னேன்: "உங்கடை நாக்குச் செத்துப்போச்சு அண்ணை. இனி உப்பை என்ரை கையிலை தாங்கோ."

"வயசு போகுதெல்லே தம்பி. ஆற முதல் நீ சாப்பிடு" என்று இன்னொரு துண்டை என் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தார்.

அதுதான் அவர் கையால் நான் சாப்பிட்ட கடைசி மீன். பாரிசவாதம் வந்து யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாய் குழறிய நேரத்திலும் "போறணைக் கதவு சாத்தியாச்சோ?" என்று அண்ணியிடம் கேட்டார். அதிகம் வருத்தப்படாமல், ஒருவரையும் வருத்தாமல் போய்ச் சேர்ந்தார். கொள்ளி வைத்தவன் நான்.

எட்டாம் நாள் செய்யும் எட்டுச் செலவுக்கு, இறந்தவருக்கு எது விருப்பமோ அதைச் சமைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அன்று மச்சமும் படைக்கலாம். "அண்ணைக்கு என்ன விருப்பம்?" என்று அக்கா கேட்டபோது யோசிக்காமல் "போறணை மீன்" என்றேன். அண்ணி அறைக்குள் இருந்தார். அவரிடம் கேட்கவேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. அண்ணையைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற எண்ணம்.

நானே போறணை மூட்டினேன். நல்ல விளைமீனாகப் பார்த்து வாங்கி, அண்ணை அடுக்கியதுபோல அடுக்கினேன். படையலுக்குச் சமைப்பதை வாயில் வைத்து உப்புப் பார்க்கக்கூடாதல்லவா? குத்துமதிப்பாகப் போட்டேன். படத்துக்கு முன்னால் தலைவாழையிலை விரித்து நடுவில் மீனை வைத்தபோது, செய்யவேண்டியதைச் சரியாகச் செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிமிர்ந்தது. அப்போதுதான் அண்ணி வெளியே வந்தார்.

"உதென்ன அவருக்கு மீன் படைச்சிருக்கு?"

"அண்ணையின்ரை விருப்பமான சாப்பாடெல்லே அண்ணி" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். "அவர் மச்சம் விட்டுக் கனகாலம். உமக்குத் தெரியாதே?"

"என்ன அண்ணி சொல்லுறியள்? வருஷா வருஷம் சமைச்சவர்தானே?" என்று அக்கா கேட்டார்.

"சமைச்சவர்தான். சாப்பிடேல்லையே."

பிறகு அண்ணி ஒவ்வொன்றாகச் சொன்னார். என்னைச் சத்திரசிகிச்சைக்கு உள்ளே கொண்டுபோன அன்று அண்ணை ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. எனக்கு அது பெரிய மனத்தாங்கலாகவே இருந்தது. அன்று அவர் படகேறி நயினாதீவுக்குப் போய், தம்பி எழும்பி வந்தால் இனி மச்சம் வாயில் வைப்பதில்லை என்று அம்மனுக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். சொன்ன சொல்லைக் கடைசிவரை காத்தார். எங்களுக்காகச் சுட்ட மீனில் ஒரு துளி எடுத்து உப்புக்கூடப் பார்த்ததில்லை.

"ஏன் அண்ணி ஒருநாளும் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"அவர் சொல்லவேண்டாம் எண்டவர். தெரிஞ்சால் தம்பி மீன் தின்னமாட்டானாம். நீங்களும் ஒருத்தரும் கேக்கேல்லை. இண்டைக்கும் வாசம் வந்தது. வந்த சனத்துக்கு எண்டு நினைச்சன்."

படைத்ததை எடுப்பதா விடுவதா என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அண்ணிதான் குனிந்து மீனை எடுத்து ஒரு பக்கமாக வைத்தார். "கோவிக்கமாட்டார். ஆனால் தொடவும் மாட்டார்" என்றார். குசினிக்குள் போய், பாண் கரைத் துண்டுகளும் பச்சைமிளகாய்ச் சம்பலும் கொண்டுவந்து இலையில் வைத்தார். நாங்கள் பாயில் படுத்திருந்தபோதெல்லாம் அண்ணை குசினியில் இருந்து சாப்பிட்டது அதைத்தான்.

அந்த மீனை நாங்கள் சாப்பிட்டோம். உப்புக் கரித்தது. என்னைப் பார்த்து ஒருவரும் ஒரு பகிடியும் விடவில்லை. இருந்த இடத்தில் நான் கூனிக் குறுகிப்போனேன். அந்த வெட்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. என் உயிருக்காக வாயைக் கட்டிய மனிதரின் நாக்கைப் பார்த்து, அதே உயிரை வைத்துக்கொண்டு நான் சொன்ன சொல் அது. மன்னிப்புக் கேட்கலாம் என்றால் கேட்பதற்கு ஆள் இல்லை. கேட்டிருந்தாலும் "அலட்டாதை தம்பி" என்றுதான் சொல்லியிருப்பார்.

அண்ணையின் இறுதி நாட்களில் இரவு பகல் பாராமல் கவனித்த வைத்தியர்களையும் தாதியரையும், பந்தல் போட்டதிலிருந்து தண்ணீர் அள்ளியது வரை தங்கள் வீட்டுக் காரியமாக நின்ற மண்கும்பான் அயலவர்களையும், எழுவைதீவிலிருந்தும் நயினாதீவிலிருந்தும் படகேறி வந்தவர்களையும், கடல் கடந்து வந்தவர்களையும், வரமுடியாமல் தொலைபேசியில் அழுதவர்களையும் எங்கள் குடும்பம் மறவாது. எல்லாவற்றுக்கும் மேலாக அண்ணிக்கு எங்கள் நன்றி. நாங்கள் கேட்காமல் விட்டவற்றை இனிமேல் அவர் பக்கத்தில் இருந்து கேட்போம்.

கிரியைகள் முடிந்து எல்லோரும் இருந்து சாப்பிட்டுப் போகவேண்டும். சைவச் சாப்பாடு. அக்காவும் நானும்தான் சமைக்கிறோம். முதலில் அண்ணைக்குப் படைப்பதால் ஒருவரும் உப்புப் பார்க்கமாட்டோம். கூடியிருந்தாலும் குறைந்திருந்தாலும் தயவுசெய்து ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுங்கள். அந்தக் குறையைச் சொல்வதற்கு எங்கள் வீட்டில் ஒருவன் இருந்தான், அவன் சொன்னது போதும்.