பாணி கேட்டவருக்குப் பணி சொன்னவன்

1. நாற்பது நிமிடத் தெரு

ஓய்வு பெற்றுவிட்டேன். நான் செய்த மடத்தனத்தைச் சொல்ல இனிமேல் யாருக்கும் பயப்பட வேண்டியதில்லை. புதிதாக வேலைக்கு வந்திருப்பவர்கள் சிரித்துவிட்டுப் படியுங்கள்.

ஸ்ரீரங்கத்தில் குடிநீர் வால்வு ஆபரேட்டராக இருந்தேன். என் லைனில் ஒரு தெருவுக்கு நாற்பது நிமிடம், அதைத் தாண்டிக் கொள்ளிடக் கரையோரக் காலிமனைக்குப் பத்து நிமிடம். அது பழைய லிஸ்ட். இப்போது தெருவில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது. பிள்ளைகள் அமெரிக்காவில், பெற்றோரும் அவர்களோடு. காலிமனையிலோ கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த பத்துக் குடும்பங்கள் தகர ஷெட்டில் இருந்தன. அவர்களுடைய ஒரே குழாய்க்குத் தண்ணீர் எட்டுவதற்குள் நான் வால்வை மூடிவிடுவேன். இது எனக்குத் தெரியாது. லிஸ்டுக்கும் தெரியாது.

ஒருநாள் அமெரிக்காவிலிருந்து ஒரு வீட்டுக்காரர் போன் செய்தார். "கேமராவுல பாக்கறேன், நம்மாத்துத் தொட்டி ரொம்பலையே. செத்த என்னன்னு பாருங்கோ." யாருமே குடியில்லாத வீட்டுத் தொட்டி. விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

2. சுத்தத் தமிழ்

அதே வாரம்தான் ஷெட்டிலிருந்து பிகாஷ் என்பவர் வந்து நின்றார். "அண்ணா, பாணி. பாணி."

அசந்துபோனேன். நம் ஆட்களே வேலை என்கிறபோது இவர் பணி என்கிறாரே! நெடிலை மன்னித்துவிட்டேன். பணி வேண்டுமென்றால் மேஸ்திரியைப் பாருங்கள் என்று கைகாட்டினேன். ஐந்து நாள் வந்தார். ஐந்து நாளும் கைகாட்டினேன். ஆபீஸில் அவர் தமிழைப் புகழ்ந்து வேறு வைத்தேன்.

ஆறாம் நாள் சாயங்காலம் தென்னூரில் பானிபூரி தின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் கரண்டியைத் தூக்கி, "இன்னும் பானி வேணுமா சார்?" என்றார். பானி என்றால் தண்ணீர்! ஐந்து நாளும் பிகாஷ் கேட்டது அதைத்தான்.

விடிந்ததும் ஷெட்டுக்குப் போனேன். பிகாஷின் மகள் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். கான்கிரீட்டுக்கு அடிக்கும் தொட்டித் தண்ணீரைக் குடித்திருக்கிறாள். எனக்கு அவமானமாக இருந்தது. என்ஜினியரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, நன்றாகத் திட்டு வாங்கி, லிஸ்டை மாற்றினேன். தெருவுக்கு இருபது, ஷெட்டுக்கு முப்பது.

குழந்தை பிழைத்து வந்தாள். சில நாள் கழித்துப் பிகாஷ் மறுபடி வந்தார். "அண்ணா, பணி."

பதறிப்போய் வால்வு சாவியை எடுத்தேன். அவர் தலையை ஆட்டினார்.

"தண்ணி வருது அண்ணா. பணி இல்ல."

ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்காக மேஸ்திரி அவரை நிறுத்திவிட்டார். பணி என்ற சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஐந்து நாள் பாடம். இந்த முறை கைகாட்டவில்லை. மேஸ்திரி வீடு வரை கூடவே நடந்தேன்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கேட்டது புரிந்துவிட்டது என்று தோன்றினாலும், ஒரு தடவை அவர்கள் கூடவே போய்ப் பாருங்கள்.