நான் அணைக்காத விளக்குகள்

பக்கத்து மேட்டு நிலத்தில் அந்த விளக்குகள் முதன்முதலாக எரிந்த புரட்டாசி மாலை நன்றாக நினைவிருக்கிறது. நன்னிலம் வரைக்கும் நெல் வயல் இருட்டிக் கிடக்க, பாலித்தீன் போர்த்திய அந்தப் பசுமைக்குடில் மட்டும் கல்யாண வீடுபோல ஜொலித்தது. என் வயிறும் அன்றே எரியத் தொடங்கியது. அதற்கு மின் இணைப்பு தேவைப்படவில்லை.

குடில்காரரை ஊரில் பட்டதாரி என்போம், வேளாண்மை படித்தவர். அவருடைய அப்பா எங்கள் பண்ணையில் ஏர் ஓட்டியவர். கூலியாட்கள் கொடி பிடித்துப் போராட, நில உச்சவரம்புச் சட்டமும் வந்த காலத்தில் எங்களிடமிருந்து அவர்கள் கைக்குப் போன மேடு அது. அவர் அப்பா என் அப்பாவை ‘ஐயா’ என்றார். இவர் என்னை ‘அண்ணே’ என்பார். காலம் மாறியதற்கு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மேடையில் பேசச் சொன்னால் மகிழ்ந்துதான் பேசுவேன்.

பத்தே நாளில் மூங்கில் நட்டு நானும் குடில் எழுப்பினேன். அவர் போட்ட அதே செவ்வந்தி நாற்று. அவர் வரிசைக்கு ஆறு பல்பு, நான் எட்டு. தையில் மகளுக்குக் கல்யாணம். மணமேடைக்கு வெளிப்பூ ஒன்றுகூட வராது என்று சம்பந்தியிடம் அடித்துச் சொல்லிவிட்டேன்.

கார்த்திகை பிறந்ததும் அவர் குடில் இருண்டது. “தாக்குப்பிடிக்க முடியல போல” என்று மனைவியிடம் சொல்லி, அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன். மார்கழி பாதியில் வேலி ஓரமாக எட்டிப் பார்த்தால், அவர் செடிகளில் பட்டாணி பட்டாணியாக மொட்டு. என் செடிகளோ இடுப்புயரத்துக்கு, பச்சைப்பசேலென்று, பேருக்கு ஒரு மொட்டில்லாமல். இலை இலையாகப் புரட்டினேன். உரம் வைத்தேன். பிள்ளையாருக்கு வேண்டிக்கொண்டேன். பயத்தில் இன்னும் நான்கு பல்பு மாட்டினேன்.

கடைசியில் அவரிடமே போய், மொட்டு வைக்கவில்லை என்று சொல்லி நின்றேன்.

“லைட்ட எப்பண்ணே நிறுத்துனீங்க?”

“எங்க நிறுத்துனேன்? பத்தலையோன்னு கூட நாலு போட்டிருக்கேன்.”

சிரிக்காமலிருக்க அவர் பட்ட பாடு முகத்தில் தெரிந்தது. “செவ்வந்திக்கு நீள ராத்திரி வேணும்ணே. லைட்டு போடுறதே, அவசரப்பட்டுப் பூத்துடாம செடி வளரட்டும்னுதான். வளந்ததும் அணைச்சாத்தான் மொட்டு வைக்கும்.”

“இன்னிக்கு அணைச்சா?”

“மாசி கடைசில பூக்கும். பேரப்புள்ள காதுகுத்துக்கு வச்சுக்கலாம்.”

கல்யாணத்தன்று விடியுமுன் கூடை கூடையாகத் தன் பூவைக் கொண்டுவந்து இறக்கினார். மணமேடை மஞ்சளாய்ப் பூத்து நின்றது. சம்பந்தி நெகிழ்ந்துபோனார். “சொன்னபடி செஞ்சுட்டீங்க. அத்தனையும் உங்க தோட்டமா?”

பக்கத்தில் நின்ற பட்டதாரி, “ஆமாங்க, அண்ணன் குடில்ல பூத்ததுதான்” என்று சொல்லிவிட்டுச் சாதாரணமாகப் பந்திக்கு நடந்தார்.

இப்போது என் குடிலும் தவறாமல் பூக்கிறது. என்றைக்கு விளக்கை அணைப்பது என்று அவரைத்தான் கேட்டுக்கொள்கிறேன். மேட்டு நிலம் போனதைக்கூட எங்கள் குடும்பம் ஒருவழியாக ஜீரணித்துவிட்டது. அன்று அவர் அப்படிச் சொன்னதை மட்டும் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.