ஒன்றரை நிமிஷம் பிந்தி வந்த கோடு

எங்க வீட்டுக்காரரு பேரு ஜெயகணேஷ். தாராவியில பொறந்து வளந்து, இப்ப செம்பூர்ல ஒரு பெட்ரூம் வீட்டுல என்கூட குப்பை கொட்டுதாவ. "உன் ஆளுக்கு என்ன வேலை?"ன்னு பக்கத்து வீட்டு சஃபீனா கேட்டா. "தண்ணியால பாறையை ஒடைக்காவ"ன்னேன். என்னை மேலயும் கீழயும் பாத்தா. நான் என்ன பொய்யா சொன்னேன்?

பூமிக்குள்ள மூணு கிலோமீட்டர் ஆழத்துல ஷேல்னு ஒரு பாறை. அதுக்குள்ள கேஸ் அடைஞ்சு கெடக்கு, தானா வராது. கிணறு தோண்டி, பெரிய பெரிய பம்பு வச்சுத் தண்ணியை அழுத்தினா பாறை விரிசல் விடும். கூடவே மணலும் போகும். கதவு சாத்திக்கிடாம இருக்க இடுக்குல செருப்பைச் செருகுவோம்லா, அது மாதிரி மணல் விரிசலைப் பிடிச்சுக்கிடும், கேஸ் வெளிய வரும். எவ்வளவு தண்ணி, எவ்வளவு மணல், எந்த நிமிஷத்துல எது போகணும்னு டிசைன் போடுறதுதான் அவிய வேலை. பதினோரு வருஷமா போட்டாவ. ஒண்ணு கூட கிணத்துக்குள்ள போகல, எல்லாம் ஃபைலோட சரி. கல்யாணப் பத்திரிகையா அடிச்சுத் தள்ளிக்கிட்டு, கல்யாணமே நடக்கலேன்னா எப்படி இருக்கும்?

இந்த பிப்ரவரியில குஜராத் பக்கம் ஒரு கிணத்துக்கு உத்தரவு வந்துச்சு. குர்லா ஸ்டேஷன் கூட்டத்துல நின்னுக்கிட்டே போன் போட்டு, "சங்கரி, என் டிசைனைப் பம்பு பண்ணப் போறாவ"ன்னு சொன்னாவ. அழாத குறைதான். எனக்கும் அழுகை வந்துட்டு.

ஆனா ஒரு சிக்கல். விரிஞ்ச பாறை மறுபடி மூடிக்கிட எவ்வளவு நெருக்கும்னு ஒரு நம்பர் வேணும். அதைக் கம்மியாப் போட்டுட்டா விரிசல் குறுகி, மணல் வாயிலயே அடைச்சுக்கிடும். அதுக்கு முதல்ல கொஞ்சூண்டு தண்ணியை விட்டு, பம்பை நிறுத்தி, அழுத்தம் இறங்குறதை அஞ்சு நாள் பாக்கணும். மேனேஜர் சந்திரமௌலி, மாட்டுங்கா மனுசர், நல்லவர்தான், கையை விரிச்சுட்டாரு. "அஞ்சு நாள் நின்னா பம்பு வண்டியெல்லாம் வேற இடத்துக்குப் போயிடும் ஜெயகணேஷ். திரும்பி எப்போ வரும்னு எனக்கே தெரியாது. பக்கத்துக் கிணத்து நம்பரைப் போட்டு கையெழுத்து போடுங்கோ." பக்கத்துக் கிணறாம்! நாப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு.

"கையெழுத்துப் போடாதீங்க"ன்னு சண்டை போட்டேன். "போடலேன்னா பன்னெண்டாவது வருஷமும் ஃபைலுதாம்ட்டி"ன்னாவ. சண்டையை அத்தோட விட்டுட்டேன். எனக்கும் ஆசைதான, மறைப்பானேன். போட்டுட்டாவ.

ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வேலை ஆரம்பிச்சுது. கிணத்தடிக்குப் போறவங்க லிஸ்ட்ல இவிய பேரே இல்ல. டிசைன் போட்ட மனுசன் பேரு இல்ல, கேளுங்க! அங்க சைஃப்னு ஒரு இன்ஜினியர். இவிய எங்க வீட்டுச் சாப்பாட்டு மேசையில, காதுல போனும் முன்னால லேப்டாப்புமா. நான் இட்லியைக் கொண்டு வச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்துட்டேன்.

தண்ணி மட்டும் போனப்பவே அழுத்தக் கோடு டிசைனை விட மேல நின்னுச்சு. "குழாய் உரசலா இருக்கும்"னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாவ. மணல் போக ஆரம்பிச்சுது. ஒண்ணும் ஆகல. மணலைக் கூட்டினாவ, அப்பவும் ஒண்ணும் ஆகல. நாலாவது தடவை கூட்டினப்ப கோடு விறுவிறுன்னு ஏறுச்சு.

"சைஃப்! மணலை நிறுத்து! தண்ணி மட்டும் விடு!" இந்தியும் தமிழுமா கத்துதாவ.

அந்தப் பக்கத்துலேர்ந்து சைஃப், "சார், பம்ப் தோ பந்த் ஹோ கயா"ன்னான்.

பம்பு அப்பவே நின்னு போச்சாம். விரிசல் வாயில மணல் அடைச்சு, கிணறு முழுக்க மணலாம். ஆனா எங்க ஸ்கிரீன்ல கோடு இன்னும் ஏறிக்கிட்டேதான் இருக்கு! அங்க நடக்கிறது இங்க தெரிய ஒன்றரை நிமிஷம் ஆகுமாம். அழுத்தம் எட்டாயிரம், எட்டாயிரத்து ஐநூறு, ஒன்பதாயிரம்னு ரெண்டு பேரும் உக்காந்து பாத்தோம். முடிஞ்சுபோன ஒண்ணு எங்க கண்ணு முன்னால மறுபடி முடிஞ்சுது. அப்புறம் கோடு கீழ விழுந்து படுத்துக்கிட்டு. இட்லி அப்படியே ஆறிக் கெடந்துச்சு.

ரெண்டே நாள்ல கிணத்தை மூடச் சொல்லி மெயில் வந்துட்டு. திட்டமும் பந்த். யாரும் இவியளைத் திட்டல. திட்டியிருந்தாலாவது நான் ஒரு பிடி பிடிச்சிருப்பேன்.

அப்புறம் அஞ்சு நாள் லேப்டாப்பை விட்டு எந்திரிக்கல. ஆமா, குடுக்க மாட்டேன்னாங்களே, அதே அஞ்சு நாள். அன்னிக்குக் கிடைச்ச அழுத்தத்தை எல்லாம் வச்சுப் பின்னாலேர்ந்து கணக்குப் போட்டாவ. ஆறாம் நாள் காலையில என்னைக் கூப்பிட்டாவ.

"சங்கரி, அந்தப் பாறையோட நம்பர் எட்டாயிரத்து நூறு. நான் போட்டது ஏழாயிரத்து இருநூறு. இப்ப பாரு, தண்ணி கூடுதல், மணல் பாதி. இது அடைக்காதுட்டி."

முகத்தைப் பாத்தேன். ஒரு வாரமா இல்லாத தெளிச்சி. எந்தக் கிணத்துக்கு, அதைத்தான் மூடியாச்சேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"நல்லாருக்கு. கையெழுத்துப் போடுங்க"ன்னேன்.

போட்டாவ.